அம்மாவுக்கு வந்தது மகளுக்கும் வருமா?
அல்ஸைமர் நோய், பரம்பரையலகு, பால் வேறுபாடு பற்றிச் சில குறிப்புகள்

சில மாதங்களுக்கு முன் நண்பர் ஒருவரின் வீட்டில் கூடியிருந்தோம். புத்தகமொன்றைப் பற்றிப் பேசவென்றுதான் கூடியது. பேச்சு வழக்கம்போல வேறு திசைக்குப் போய்விட்டது. அல்ஸைமர் நோய் ஆண்களைவிடப் பெண்களிடமே அதிகம் காணப்படுகிறது, அதற்குப் பரம்பரையலகும் ஒரு காரணம் என்று பத்திரிகையில் வாசித்ததாக ஒருவர் சொன்னார். உடனே விவாதம் தொடங்கிவிட்டது. இயற்கை ஆணையும் பெண்ணையும் வெவ்வேறாகத்தான் படைத்திருக்கிறது, பெண்ணியவாதிகள் ஒத்துக்கொள்ளாவிட்டாலும் மூளை பொய் சொல்லாது என்றார் ஒரு நண்பர். பெண்ணின் மூளை சிறியது, ஆகவே பலவீனமானது என்று பத்தொன்பதாம் நூற்றாண்டில் சொன்ன அதே விஞ்ஞானம்தான் இப்போது ஸ்கான் இயந்திரத்தோடு வந்திருக்கிறது என்றார் மற்றவர். இருவரும் வாதத்தில் சளைக்காதவர்கள். இரவு பதினொரு மணிவரை போனது.

புறப்படும்போது, அதுவரை குசினிக்கும் கூடத்துக்குமாக நடந்துகொண்டிருந்த வீட்டுக்காரப் பெண்மணி வாசலில் வைத்து என்னிடம் கேட்டார்: "அம்மாவுக்கு வந்தது எனக்கும் வருமோ, சேர்?" அவருக்கு வயது ஐம்பத்து மூன்று. அவருடைய தாயார் கடைசி நான்கு வருடங்கள் மகளை அடையாளம் தெரியாமலே வாழ்ந்து இறந்தவர். மூன்று மணித்தியாலம் நாங்கள் பேசியதில் இந்தக் கேள்விக்கு விடை இருக்கவில்லை. இது யாருடைய கேள்வி என்பதுகூட எங்களுக்கு நினைவிருக்கவில்லை. ஒரு காலத்தில் விலங்கியல் படிப்பித்தவன் என்ற முறையில் நான் சொல்லக்கூடியதை இங்கு ஒழுங்காக எழுதிப் பார்க்கிறேன். நண்பர்கள் இருவரும் ஆளுக்குப் பாதி சரி, ஆளுக்குப் பாதி பிழை என்பதே என் கருத்து.

ஐம்பத்தொரு வயதுப் பெண்

இந்த நோயின் வரலாறு ஒரு பெண்ணோடுதான் தொடங்குகிறது. 1901 நவம்பரில் பிராங்பேர்ட் நகர மனநோய் வைத்தியசாலைக்கு ஔகுஸ்த டேற்றர் என்ற பெண்மணி கொண்டுவரப்பட்டார். வயது 51. கணவர்மீது காரணமில்லாத சந்தேகம், மறதி, தன் பெயரையே எழுதி முடிக்க முடியாத நிலை. அவரைப் பரிசோதித்து, கேள்விகளையும் பதில்களையும் அப்படியே குறித்து வைத்தவர் வைத்தியர் அலோய்ஸ் அல்ஸைமர். 1906இல் அப்பெண் இறந்தபின் அவரது மூளையை நுணுக்குக்காட்டியின் கீழ் ஆராய்ந்து, நரம்புக்கலங்களுக்கு வெளியே படிவுகளையும் கலங்களுக்குள்ளே முறுக்குண்ட இழைகளையும் கண்டார். அதே ஆண்டு நவம்பரில் ரியூபிங்கன் நகரில் நடந்த மாநாடொன்றில் இதைப் பற்றிப் பேசினார். 1910இல் கிறேப்பலின் தமது பாடநூலில் இந்நோய்க்கு அல்ஸைமரின் பெயரை இட்டார். படிவுகள் அமிலோயிட் என்ற புரதத்தாலும், இழைகள் ரௌ என்ற புரதத்தாலும் ஆனவை என்பது எழுபது எண்பது வருடங்களுக்குப் பின்னர்தான் தெரியவந்தது.

ஔகுஸ்த டேற்றருக்கு வந்தது நடுவயதிலேயே வெளிப்படும் அரிய வகை. 21ஆம், 14ஆம், 1ஆம் நிறமூர்த்தங்களில் உள்ள மூன்று பரம்பரையலகுகளில் ஏதாவதொன்றில் ஏற்படும் மாற்றத்தால், குடும்பம் குடும்பமாக இளவயதிலேயே இந்நோய் வருவதுண்டு. அந்த மாற்றம் இருப்பவருக்கு நோய் வருவது ஏறத்தாழ நிச்சயம். ஆனால் மொத்த நோயாளர்களில் இவர்கள் நூற்றுக்கு ஒருவருக்கும் குறைவு. அறுபத்தைந்து வயதுக்குப் பின் வருகின்ற, எங்கள் தாய் தந்தையரிடம் நாம் காண்கின்ற வகை வேறு. அங்கே பரம்பரையலகு தீர்ப்பு எழுதுவதில்லை, நிகழ்தகவை மாற்றுகிறது. இந்த வித்தியாசம் புரியாவிட்டால் இனிச் சொல்லப்போகும் எல்லாம் வீண் பயமாக முடியும்.

ஈ4 என்ற எதிருரு

19ஆம் நிறமூர்த்தத்தில் அப்போலிப்போபுரதம் ஈ (சுருக்கமாக அப்போ-ஈ) என்ற புரதத்துக்கான பரம்பரையலகு இருக்கிறது. கொலஸ்திரோல் முதலிய கொழுப்புப் பொருட்களைச் சுமந்து செல்வது இப்புரதத்தின் வேலை. மூளையில் இதைப் பெரும்பாலும் உற்பத்தி செய்பவை நரம்புக்கலங்களுக்குத் துணைநிற்கும் உடுக்கலங்கள். 299 அமினோ அமிலங்களாலான இப்புரதத்துக்கு ஈ2, ஈ3, ஈ4 என மூன்று முக்கிய எதிருருக்கள் உண்டு. 112ஆம், 158ஆம் இடங்களில் வரும் அமினோ அமிலங்களில் மட்டும்தான் இவை வேறுபடுகின்றன. இரண்டு எழுத்து மாறிய ஒரு சொல் என்று வைத்துக்கொள்ளலாம். தாயிடமிருந்து ஒன்று, தந்தையிடமிருந்து ஒன்று என ஒவ்வொருவரிடமும் இரண்டு பிரதிகள் இருக்கின்றன. ஈ3தான் எங்கும் அதிகம்.

1993இல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் அலன் றோசஸ், வோரன் ஸ்ரிற்மற்றர் ஆகியோரின் குழு, ஈ4க்கும் பிந்திய வயது அல்ஸைமருக்கும் உள்ள தொடர்பை வெளியிட்டது. அவர்கள் ஆராய்ந்த குடும்பங்களில் ஈ4 பிரதி ஒன்றுமில்லாதவர்களிடம் 20 வீதமாக இருந்த நோய், இரண்டு பிரதி உடையவர்களிடம் 90 வீதமாக உயர்ந்திருந்தது. நோய் தொடங்கும் சராசரி வயது 84இலிருந்து 68ஆக இறங்கியிருந்தது. இவை நோய் அதிகமாகக் கண்ட குடும்பங்கள் என்பதை மறக்கக்கூடாது. பொதுச் சனத்தொகையில் நிலைமை இவ்வளவு கடுமையானதல்ல. ஐரோப்பியர்களில் நான்கில் ஒருவரிடம் குறைந்தது ஒரு ஈ4 பிரதி இருக்கிறது. அவர்களிற் பலர் தெளிந்த புத்தியோடு முதுமை எய்தி இறக்கிறார்கள். மறுபக்கத்தில், நோயாளர்களில் கணிசமானோரிடம் ஈ4 இருப்பதேயில்லை. ஈ4 இன் பாதகம் பல வழிகளில் நிகழ்கிறது. அமிலோயிட்டை மூளையிலிருந்து அகற்றும் வேலையை அது ஈ3 அளவுக்குத் திறமையாகச் செய்வதில்லை என்பது அவற்றுள் முக்கியமானது.

இந்த இடத்தில்தான் பால் வேறுபாடு வருகிறது. 1997இல் பல நாடுகளின் ஆய்வுகளைத் திரட்டி, ஏறத்தாழ 5900 நோயாளர்களையும் 8600 நோயற்றவர்களையும் ஒப்பிட்ட பெரிய பகுப்பாய்வொன்று, ஒரேயொரு ஈ4 பிரதி ஆணைவிடப் பெண்ணையே கூடுதலாகப் பாதிக்கிறது என்று காட்டியது. 2014இல் ஸ்ரான்பேர்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், ஆரோக்கியமாயிருந்த முதியோரை வருடக்கணக்கில் பின்தொடர்ந்த தரவுகளை எடுத்துப் பார்த்தார்கள். ஈ4 உள்ள பெண்கள் நினைவுக் குறைவுக்கோ நோய்க்கோ உள்ளாகும் வேகம், ஈ4 இல்லாத பெண்களைவிட 1.8 மடங்காக இருந்தது. ஆண்களிடம் இது 1.3 மடங்குக்குச் சற்றுக் குறைவு.

பின்னர் 2017இல் ஏறத்தாழ 58,000 பேரின் தரவுகளைத் திரட்டிய இன்னொரு பகுப்பாய்வு வந்தது. அது முந்திய முடிவைத் திருத்தியது. 55இலிருந்து 85 வயதுவரை மொத்தமாக எடுத்தால், ஈ3, ஈ4 என ஒவ்வொரு பிரதி உடைய ஆணுக்கும் பெண்ணுக்கும் ஆபத்தில் பெரிய வித்தியாசமில்லை. ஆனால் 65இலிருந்து 75 வரையான பத்து வருடங்களில் மட்டும் வித்தியாசம் தெளிவாகத் தெரிந்தது: இரண்டும் ஈ3 ஆக உடையவர்களோடு ஒப்பிடும்போது பெண்களிடம் வாய்ப்பு விகிதம் 4.37, ஆண்களிடம் 3.14.

எனவே 'ஈ4 பெண்களுக்கு ஆபத்து, ஆண்களுக்கு இல்லை' என்பது பிழை. ஆண்களும் பாதிக்கப்படுகிறார்கள். பெண்களிடம் அது முந்திய வயதில் கடுமையாக வெளிப்படுகிறது என்பதே சரியான வாசிப்பு. அப்படியானால் அந்தப் பத்து வருடங்களுக்கு முன்னர் மூளையில் என்ன நடக்கிறது?

நடுவயது மூளை

அல்ஸைமர் நோய் அறுபத்தெட்டு வயதில் தொடங்குவதில்லை. அந்த வயதில் அது கண்ணுக்குத் தெரிகிறது, அவ்வளவுதான். அமிலோயிட் படியத் தொடங்குவது மறதி தெரிய ஆரம்பிப்பதற்குப் பதினைந்து இருபது வருடங்களுக்கு முன். அதாவது நாற்பதுகளின் கடைசியிலும் ஐம்பதுகளிலும். பெண்ணின் உடலில் மாதவிடாய் நின்றுபோகும் காலமும் இதுவே.

நியூயோர்க்கில் வைல் கோர்னெல் மருத்துவக் கல்லூரியில் லிஸா மொஸ்கோனி தலைமையிலான குழு இக்கேள்வியோடு வேலை செய்து வருகிறது. 2020இல் அவர்கள் வெளியிட்ட ஆய்வில் 40இலிருந்து 65 வயதுவரையான 121 பேர் பங்கெடுத்தனர்: 85 பெண்கள், 36 ஆண்கள். எவருக்கும் நினைவுக் குறைபாடு இல்லை. ஸ்கான்களில் பெண்களின் மூளையில் சராசரியாக அமிலோயிட் 30 வீதம் அதிகம். மூளை குளுக்கோசைப் பயன்படுத்தும் அளவு 22 வீதம் குறைவு. நரைநிறப் பகுதியினதும் வெண்ணிறப் பகுதியினதும் கனவளவு 11 வீதம் குறைவு. இவ்வேறுபாடுகளோடு மிக நெருங்கிய தொடர்பு காட்டிய காரணி மாதவிடாய் நிறுத்தம்.

இந்த எண்களைப் பார்த்ததும் எங்கள் முதலாவது நண்பர் துள்ளிக் குதிப்பார். கொஞ்சம் பொறுக்க வேண்டும். 121 பேர் என்பது சிறிய தொகை. ஒவ்வொருவரையும் ஒரு தடவை எடுத்த நிழற்படம் இது. காலப்போக்கில் யாருக்கு என்ன நடந்தது என்று இது காட்டுவதில்லை. நடுவயதில் ஈ4 உள்ளவர்களிடம் நினைவுக்கு அடிப்படையான ஹிப்போகாம்பஸ் என்ற பகுதி சிறுத்திருக்கிறதா என்ற கேள்விக்குப் பல ஆய்வுகள் பல பதில்களைத் தந்திருக்கின்றன.

'பெண்ணின் மூளை சிறியது' என்ற பழைய கதையையும் இங்கேயே முடித்துவிடலாம். ஆணின் மூளை சராசரியாகப் பெரியதுதான். அவனது உடலும் மண்டையோடும் அப்படியே. 2018இல் பிரித்தானிய உயிர்வங்கியின் தரவுகளிலிருந்து 2750 பெண்களையும் 2466 ஆண்களையும் ஒப்பிட்ட ஆய்வொன்றில், ஆண்களின் மூளைக் கனவளவு கூடுதலாகவும் பெண்களின் மூளைப் புறணி தடிப்புக் கூடியதாகவும் இருந்தன. இரு பாலாரின் அளவுகளும் பெருமளவில் ஒன்றன்மேல் ஒன்று படிந்திருந்தன. பிறப்பிலிருந்தே சிறியதாக இருப்பது வேறு, இருந்தது சுருங்குவது வேறு. முன்னையது நோயல்ல. ஸ்கான் செய்தியொன்றை வாசிக்கும்போது, மண்டையோட்டின் அளவு கணக்கிலெடுக்கப்பட்டதா, ஒரு தடவை எடுத்த படமா அல்லது வருடக்கணக்கில் தொடர்ந்து எடுத்தவையா என்ற இரண்டையும் முதலில் கேட்க வேண்டும்.

ஓமோன் மட்டும்தானா?

சூலகங்கள் சுரக்கும் ஈஸ்திரஜன் இனப்பெருக்கத்துக்கான ஓமோன் மட்டுமல்ல. மூளைக்கலங்கள் குளுக்கோசை எரித்துச் சக்தி பெறுவதற்கும் அது துணைசெய்கிறது. அது குறையும்போது மூளை தன் சக்தி முறையை மாற்றியமைக்க வேண்டியிருக்கிறது. பெரும்பாலான பெண்களின் மூளை இந்த மாற்றத்தைச் சமாளித்துக்கொள்கிறது. ஈ4 உள்ள மூளைக்கு அது கூடுதலான சுமையாகிறது என்பது இப்போதைய விளக்கங்களுள் ஒன்று. 2007இல் மேயோ மருத்துவ நிலையத்தினர் வெளியிட்ட ஆய்வு இதற்குத் துணை நிற்கிறது. மாதவிடாய் நிற்கும் முன்னரே சத்திரசிகிச்சையால் சூலகங்கள் அகற்றப்பட்ட பெண்களுக்குப் பிற்காலத்தில் அறிவாற்றல் குறைவு வரும் ஆபத்து அதிகமாயிருந்தது. 'கர்ப்பப்பை எடுத்தது' என்று எங்கள் பெண்கள் பொதுவாகச் சொல்வதில், கருப்பை மட்டும் எடுக்கப்பட்டதா, சூலகங்களும் சேர்த்து எடுக்கப்பட்டதா என்பது அவர்களுக்கே பலவேளை தெரிவதில்லை. வைத்தியரிடம் கேட்டு அறிந்துகொள்ள வேண்டிய விடயம் இது.

அப்படியானால் ஓமோனை மருந்தாகக் கொடுத்தால் தீர்ந்ததா? இல்லை. 2003இல் அமெரிக்காவில், 65 வயதுக்கு மேற்பட்ட 4532 பெண்களிடம் நடந்த பரிசோதனையில், ஈஸ்திரஜனும் புரொஜெஸ்ரினும் சேர்த்துக் கொடுக்கப்பட்டவர்களிடம் மறதிநோய் குறையவில்லை, இரண்டு மடங்காகியது. மாதவிடாய் நிற்கும் காலத்தை ஒட்டித் தொடங்கினால் பலன் வேறாயிருக்கலாம் என்று வாதிடுவோர் உண்டு. ஆனால் ஐம்பதுகளின் முற்பகுதியில் ஓமோன் எடுத்த பெண்களைப் பற்றி 2013இல் வெளிவந்த முடிவு, நன்மையும் இல்லை தீமையும் இல்லை என்பதே. ஆகவே மூளையைக் காப்பாற்றவென்று ஓமோன் எடுப்பதற்கு இன்று ஆதாரமில்லை. உடல் வெக்கை, நித்திரையின்மை போன்ற உபாதைகளுக்கு அதை எடுப்பது வேறு கேள்வி.

பெண்ணின் உடல் இந்நோய்க்கு முன் பலவீனமாகவே நிற்கிறது என்றும் எண்ண வேண்டாம். 2020இல் சான் பிரான்சிஸ்கோவில் டீனா டூபல் குழுவினர் எலிகளில் செய்த பரிசோதனைகளில், இரண்டாவது எக்ஸ் நிறமூர்த்தம் இருப்பதே அமிலோயிட்டின் தாக்கத்தைத் தாங்கும் சக்தியைக் கொடுத்தது. பெண்ணிடம் ஓர் எக்ஸ் பெரும்பாலும் மௌனமாக்கப்பட்டிருந்தாலும், அதிலுள்ள சில பரம்பரையலகுகள் தொடர்ந்து பேசுகின்றன. ஒரே உடலில் ஒன்று காக்கிறது, மற்றொன்று தாக்குகிறது.

எண்ணிக்கைக்குப் பின்னால்

அமெரிக்காவில் அல்ஸைமர் நோயாளர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் பெண்கள். இதில் பெரும்பகுதிக்குக் காரணம் பெண்கள் கூடுதலாக வாழ்வதுதான். இருதய நோயால் நடுவயதிலேயே பல ஆண்கள் இறந்துபோக, எண்பதைத் தொடும் ஆண்கள் ஏற்கெனவே திடகாத்திரமானவர்களாகத் தெரிவு செய்யப்பட்டுவிடுகிறார்கள்.

படிப்பும் இருக்கிறது. 2023இல் வெளியான இந்திய ஆய்வொன்று, 60 வயதுக்கு மேற்பட்டோரில் மறதிநோய் 7.4 வீதம் என்று மதிப்பிட்டது: பெண்களிடம் 9.0, ஆண்களிடம் 5.8. அந்தத் தலைமுறைப் பெண்கள் எத்தனை பேர் பள்ளிக்கூடம் போனார்கள் என்று கேட்காமல் இந்த வித்தியாசத்தை ஈஸ்திரஜனின் தலையில் போட முடியாது. இந்தியாவில் ஈ4 ஐரோப்பாவைவிடக் குறைவு. வட இந்தியாவின் பல்லப்கர் கிராமங்களில் அமெரிக்க, இந்திய ஆய்வாளர்கள் சேர்ந்து செய்த ஆய்வில் ஈ4 இன் பங்கு 7 வீதம். ஒப்பிடப்பட்ட பென்சில்வேனியப் பிரதேசத்தில் 11 வீதம். நான் மேலே சொன்ன பெரிய எண்களெல்லாம் பெரும்பாலும் வெள்ளையரின் உடல்களிலிருந்து பெறப்பட்டவை. அவற்றை அப்படியே எங்களுக்குப் பொருத்துவதில் அவதானம் வேண்டும்.

நோயைக் கண்டுபிடிக்கும் கருவிகளிலும் பால் வேறுபாடு ஒளிந்திருக்கிறது. சொற்களை ஞாபகம் வைத்துத் திருப்பிச் சொல்லும் சோதனையில் பெண்கள் சராசரியாக ஆண்களைவிடத் திறமையானவர்கள். 2016இல் எரின் சண்டர்மன் குழுவினர் காட்டியபடி, மூளையின் சக்திப் பயன்பாடு ஓரளவு குறைந்த பின்னரும் பெண்கள் இத்திறமையால் சோதனையில் தேறிவிடுகிறார்கள். ஆகவே அவர்களது நோய் பிந்தியே பிடிபடுகிறது. எங்கள் தாய்மாருக்கோ இன்னொன்றும் சேர்கிறது. அவர்களுக்குத் தெரியாத மொழியில், மருமகனோ பேரப்பிள்ளையோ மொழிபெயர்க்க, இந்தச் சோதனை நடக்கிறது. மொழிபெயர்ப்பவர் அம்மம்மாவின் மானத்தைக் காப்பாற்ற விடையைத் திருத்திச் சொல்லிவிடுவார்.

மருந்தையும் பார்ப்போம். அமிலோயிட்டை அகற்றும் லெக்கனெமாப் என்ற மருந்து 1795 பேரிடம் பரிசோதிக்கப்பட்டு 2022இல் முடிவு வெளியானது. நோயின் வேகம் மொத்தத்தில் 27 வீதம் குறைந்தது. பிரித்துப் பார்த்தால் ஆண்களிடம் 43, பெண்களிடம் 12. இரு பாலாரையும் ஒப்பிடவென்று திட்டமிடப்பட்ட பரிசோதனையல்ல அது, ஆகவே இதை இறுதி முடிவாகக் கொள்ள முடியாது. ஆனால் கேட்டே ஆக வேண்டிய கேள்வி இது. மூளை வீக்கம் முதலிய பக்கவிளைவுகள் இரண்டு ஈ4 பிரதி உள்ளவர்களிடமே மிக அதிகம். எனவே 2025இல் ஐரோப்பிய ஒன்றியம் இம்மருந்தை அனுமதித்தபோது அவர்களை விலக்கியே அனுமதித்தது. மிக அதிகம் தேவைப்படுவோருக்கு அது கிடைப்பதில்லை.

இங்கேதான் இரண்டாவது நண்பரோடு நான் முரண்படுகிறேன். உயிரியல் வேறுபாட்டைப் பேசுவதே ஆணாதிக்கம் என்றால், பெண்ணின் உடலில் இந்த மருந்து எப்படி வேலை செய்கிறது என்று கேட்கும் உரிமையையும் சேர்த்தல்லவா கைவிடுகிறோம்? முதலாவது நண்பருக்கும் ஒன்று சொல்ல வேண்டும். வேறுபாடு இருக்கிறது என்பதால் அது விதி ஆகிவிடாது. ஈ4 என்ற அதே இரண்டு எழுத்து, எந்த உடலில், எந்த வயதில், எவ்வளவு படிப்போடு, எவ்வளவு வேலைச் சுமையோடு இருக்கிறது என்பதைப் பொறுத்து வேறு வேறாகப் பேசுகிறது.

வாசலில் கேட்ட கேள்விக்கு

இனி அந்தப் பெண்மணிக்கு. தாயாருக்கு இந்நோய் வந்தது என்பதால் அவரிடம் ஈ4 இருந்தது என்று சொல்ல முடியாது. ஒரு பிரதி இருந்திருந்தால், அது உங்களுக்கு வந்திருக்கும் வாய்ப்புப் பாதி. வந்திருந்தாலும் நோய் வரும் என்பதல்ல, வரும் வாய்ப்புக் கூடுகிறது என்பதே பொருள். இரண்டு பிரதி இருந்தால் ஆபத்து உண்மையிலேயே பெரிது. அதை மறைத்துச் சொல்வது நேர்மையல்ல.

பரிசோதித்துப் பார்க்கலாமா? அமெரிக்காவில் 2017 முதல், வீட்டிலிருந்தே உமிழ்நீரை அனுப்பி ஈ4 உண்டா என்று அறிய அனுமதி உண்டு. ஜேர்மனியில் 2010இல் நடைமுறைக்கு வந்த சட்டத்தின்படி, இப்படியான வருமுன் அறியும் பரிசோதனைக்கு முன்னும் பின்னும் தகுதிபெற்ற வைத்தியரின் ஆலோசனை வழங்கப்பட வேண்டும். அறியாமலிருக்கும் உரிமையையும் அச்சட்டம் ஏற்றுக்கொள்கிறது. இந்த உரிமை பெரிதென்று நினைக்கிறேன். உங்கள் முடிவு உங்கள் மகளையும் சகோதரிகளையும் பற்றிய செய்தியாகவும் இருக்கும். எங்கள் சமூகத்தில் அது கலியாணப் பேச்சுவரை போய்ச் சேரவும் கூடும்.

பரிசோதித்தாலும் இல்லாவிட்டாலும் செய்ய வேண்டியவை ஒன்றே. மறதிநோய்களில் ஏறத்தாழ 45 வீதம், மாற்றக்கூடிய 14 காரணிகளோடு தொடர்புடையவை என்று லான்செற் ஆணைக்குழு 2024இல் மதிப்பிட்டது. உயர் இரத்த அழுத்தம், நீரிழிவு, கூடாத கொலஸ்திரோல், கேட்கும் திறன் குறைதல், பார்வைக் குறைவு, உடலசைவின்மை, மனச்சோர்வு, தனிமை ஆகியன அவற்றுட் சில. இவற்றுட் பலவற்றைக் கவனிக்க வேண்டிய வயது நடுவயதுதான். பிரஷர் குளிசையை ஒழுங்காக எடுப்பதும், காது கேட்கவில்லையென்றால் கருவி வைத்துக்கொள்வதும், தினமும் நடப்பதும் சாதாரண விடயங்கள். ஆனால் இவற்றுக்கு நேரம் வேண்டும். வேலைக்கும் போய், சமையலும் பார்த்து, நோயுற்ற தாயையும் வருடக்கணக்கில் பராமரித்த ஒரு பெண்ணுக்கு அந்த நேரம் எங்கிருந்து வரும்? தனிமையும் மனச்சோர்வும் அவரது பரம்பரையலகில் எழுதப்பட்டவையல்ல.

அன்றிரவு மூன்று மணித்தியாலம் பெண்ணின் மூளையைப் பற்றி விவாதித்த நாங்கள் ஆறு ஆண்கள். தேத்தண்ணீர் நான்கு தடவை வந்தது. அடுத்த கூட்டத்தில் அவர் கூடத்தில் இருந்து பேசட்டும், கோப்பைகளை நாங்கள் கழுவலாம் என்று நண்பருக்குச் சொல்லியிருக்கிறேன்.